எண்ணமும் இடும்பையும்: பகுத்தறிவு வழி உளவளத்துணையின் வரலாறு

மனிதனுக்கு வரும் மனத்துன்பம் அவனுக்கு நேர்ந்த நிகழ்ச்சியினால் வருகின்றதா, அன்றி அந்நிகழ்ச்சியைப் பற்றி அவன் கொண்ட எண்ணத்தினால் வருகின்றதா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. தத்துவ ஞானிகள் இதனை ஆராய்ந்துள்ளனர். சமயாசிரியர்கள் தத்தம் நெறிக்கேற்ப விடை பகர்ந்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இதே வினாவை அடிப்படையாக வைத்து ஓர் உளச்சிகிச்சை முறை எழுந்தது. பகுத்தறிவு மனவெழுச்சி நடத்தைச் சிகிச்சை என்பது அதன் நீண்ட பெயர். சுருக்கங் கருதிப் பகுத்தறிவுச் சிகிச்சை என்றே இப்பேச்சில் அதனை வழங்குவேன். அது தோன்றிய வரலாறு யாது, அதனைப் பயிற்றிய முறை யாது, போரும் இடப்பெயர்வும் கண்ட எமது மன்னார்க் கரையில் அதற்கு இடமுண்டா என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இச்சிந்தனையின் வேரைக் காண்போம். கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, இன்றைய துருக்கியிலுள்ள இயராப்பொலிஸ் என்னும் நகரில் எப்பிக்தீற்றஸ் என்பவர் பிறந்தார். அவர் பிறப்பால் அடிமை. உரோமாபுரியிலே செல்வர் ஒருவரிடம் ஊழியஞ் செய்தார், கால் ஊனமுற்றவர். பின்னர் விடுதலை பெற்றுத் தத்துவம் கற்பித்தார். தொமித்தியன் என்னும் பேரரசன் தத்துவ ஞானிகளை நகரை விட்டு ஓட்டியபோது, கிரேக்க நாட்டின் நிக்கொப்பொலிஸ் நகர் சென்று அங்கே பள்ளி நடத்தினார். அவர் நூலொன்றும் எழுதவில்லை. அவருடைய மாணாக்கரான அரியன் எடுத்த குறிப்புகளே இன்று எமக்குக் கிடைப்பன. நம் வசத்தில் உள்ளவை எவை, நம் வசத்தில் இல்லாதவை எவை என்று பிரித்தறிவதே அறிவின் தொடக்கம் என்பதும், பொருள்களைப் பற்றிய நமது தீர்ப்பே நம்மைக் கலக்குகின்றது என்பதும் அவர் போதனையின் சாரம். உடலும் உடைமையும் தன் வசத்தில் இல்லாத ஓர் அடிமையின் வாயிலிருந்து இக்கருத்துப் பிறந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். இதே கருத்தைப் பின்னாளிலே பேரரசனாகிய மார்க்கஸ் ஒறேலியஸும் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தான். அடிமைக்கும் அரசனுக்கும் ஒரே மருந்து பயன்பட்டது.

கீழைத்தேயத்திலும் இவ்வெண்ணம் புதியதன்று. மனமே அனைத்துக்கும் முன்செல்வது என்று புத்தபெருமான் போதித்தார். திருவள்ளுவர் இடுக்கண் அழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். துன்பம் இல்லை என்று அவர் கூறவில்லை; துன்பம் வந்தவிடத்து உள்ளம் அழியாதிருத்தலையே கூறினார். இவ்வேறுபாடு நம் பேச்சின் பிற்பகுதியில் மிகவும் வேண்டப்படும்.

இனி நவீன காலத்துக்கு வருவோம். வியன்னா நகர மருத்துவரான சிக்மண்ட் பிரொய்ட் வகுத்த உளப்பகுப்பு முறை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேனாட்டு உளச்சிகிச்சையை ஆண்டது. நோயாளி சாய்கட்டிலிலே படுத்துக்கொண்டு மனத்தில் தோன்றுவதை எல்லாம் கூறுவார். மருத்துவர் பெரும்பாலும் மௌனமாயிருந்து கேட்பார். இளமைப்பருவத்து நினைவுகள் அகழ்ந்தெடுக்கப்படும். வாரத்திற்குப் பலமுறையாக ஆண்டுக்கணக்கில் இது நீளும். செல்வர்க்கன்றி ஏனையோர்க்கு இது எட்டுவதன்று. இம்முறையிற் பயின்று, இதனைச் சில ஆண்டுகள் கையாண்டு, பின்னர் இதில் நம்பிக்கை இழந்து வெளியேறியவரே அல்பேட் எலிஸ்.

எலிஸ் 1913ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆந் திகதி அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் வளர்ந்தார். குழந்தைப் பருவத்திலே சிறுநீரக நோயினால் பலமுறை மருத்துவமனையிற் கிடந்தார். பெற்றோர் வந்து பார்ப்பது அரிது. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தாயுந் தந்தையும் மணவிலக்குப் பெற்றனர். 1934இல் நியூயோர்க் நகரக் கல்லூரியில் வணிகத்துறைப் பட்டம் பெற்றார், கதைகள் எழுதிப் பார்த்தார், அவை அச்சேறவில்லை. பின்னரே உளவியலை நாடிக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1943இல் முதுமாணிப் பட்டமும் 1947இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அவருடைய இளமைக் காலத்து நிகழ்ச்சியொன்று அவருடைய பிற்காலக் கொள்கைக்கு வித்தாயிற்று. பெண்களுடன் பேசவும், மேடையில் நின்று உரையாற்றவும் அவர் பெரிதும் அஞ்சினார். பத்தொன்பது வயதிலே இவ்வச்சத்தை வெல்ல எண்ணி, புறொங்ஸ் தாவரவியற் பூங்காவிற்குச் சென்று, ஒரு மாத காலத்துள் ஏறத்தாழ நூறு பெண்களுடன் தாமாகவே சென்று பேச்சுக் கொடுத்தார் என அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அம்முயற்சியால் அவர் விரும்பிய நட்பொன்றும் கைகூடவில்லை. ஆயினும் யாரும் அவரைக் கடித்து விழுங்கவுமில்லை. மறுக்கப்படுதல் விரும்பத்தகாததே, தாங்கவொண்ணாததன்று என்னும் பாடத்தை அவர் கற்றார். அச்சத்தை எண்ணத்தால் மட்டுமன்றிச் செயலாலும் வெல்லவேண்டும் என்னும் அவருடைய பிற்காலக் கோட்பாட்டின் முதற் சோதனைச்சாலை அப்பூங்காவே எனலாம்.

1953 அளவில் உளப்பகுப்பை விட்டு விலகிய எலிஸ், 1955இல் தம்மைப் பகுத்தறிவுச் சிகிச்சையாளர் எனக் கூறிக்கொள்ளத் தொடங்கினார். 1956இல் சிக்காகோவில் நடைபெற்ற அமெரிக்க உளவியற் சங்க மாநாட்டிலே தமது முறையைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். அவருக்கு அங்கே வரவேற்பைக் காட்டிலும் கண்டனமே மிகுதியாகக் கிடைத்தது. உளப்பகுப்பாளர் அவரை மேலோட்டமானவர் என்றனர். உணர்ச்சிக்கு முதன்மை தருவோர், இவர் மனிதனைத் தருக்கப் பொறியாக்குகின்றார் என்றனர். எலிஸ் தளரவில்லை. 1959இல் நியூயோர்க்கிலே தமது நிறுவனத்தை நிறுவினார். 1961இல் ரொபேட் ஹாப்பருடன் சேர்ந்து பொதுமக்களுக்கான நூலொன்றையும், 1962இல் துறைசார்ந்தோர்க்கான பெருநூலொன்றையும் வெளியிட்டார். முறையின் பெயரும் வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் பகுத்தறிவுச் சிகிச்சை என வழங்கியது; பின்னர் உணர்ச்சியைப் புறக்கணிப்பதன்று எனக் காட்ட மனவெழுச்சி என்னும் சொல் சேர்ந்தது; 1993இல் நடத்தை என்னும் சொல்லும் சேர்ந்தது. பெயரின் ஒவ்வொரு திருத்தமும் எதிராளிகளுக்கு அளித்த ஒவ்வொரு விடை.

இம்முறையின் உட்கிடக்கையை இனி நோக்குவோம். எலிஸ் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்துகளைக் கொண்டு அதனை விளக்கினார். நாம் அ, ஆ, இ என்றே கொள்வோம். அ என்பது நேர்ந்த நிகழ்ச்சி. ஆ என்பது அதனைப் பற்றிய நமது நம்பிக்கை. இ என்பது விளைந்த உணர்ச்சியும் நடத்தையும். நாம் பொதுவாக அ நேரே இயை விளைவிக்கின்றது என எண்ணுகிறோம். ஆசிரியர் ஏசினார், அதனால் மனமுடைந்தேன் என்கிறோம். இடையில் நிற்கும் ஆ நம் கண்ணிற் படுவதில்லை. ஒரே ஏச்சைக் கேட்ட இரு மாணவருள் ஒருவன் வருந்தித் திருந்துகிறான்; மற்றவன் பாடசாலையையே வெறுக்கிறான். நிகழ்ச்சி ஒன்று, நம்பிக்கை இரண்டு, விளைவும் இரண்டு.

அந்நம்பிக்கைகளுட் கேடு பயப்பன எவை? தொடக்கத்திலே எலிஸ் பத்துக்கு மேற்பட்டவற்றை எண்ணிக் கூறினார். பின்னர் அவற்றின் ஆணிவேர் மூன்றே எனக் கண்டார். நான் சிறப்பாகச் செய்தேயாக வேண்டும், இல்லையேல் நான் எதற்கும் உதவாதவன் என்பது முதலாவது. பிறர் என்னை நன்றாக நடத்தியேயாக வேண்டும், இல்லையேல் அவர் கொடியவர் என்பது இரண்டாவது. உலகமும் வாழ்க்கையும் எனக்கு இசைவாக அமைந்தேயாக வேண்டும், இல்லையேல் என்னால் தாங்கமுடியாது என்பது மூன்றாவது. முதலாவதிலிருந்து தாழ்வுணர்ச்சியும் பதகளிப்பும், இரண்டாவதிலிருந்து கடுஞ்சினமும், மூன்றாவதிலிருந்து சோர்வும் தன்னிரக்கமும் பிறக்கின்றன என்பது அவர் கொள்கை. ஆசையை அவர் குறை கூறவில்லை. ஆசை கட்டளையாக இறுகிப்போவதையே குறை கூறினார்.

இவ்விடத்தில் தமிழ்மொழி பற்றி ஒன்று கூற விரும்புகின்றேன். ஆங்கிலத்தில் விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் வெவ்வேறு சொற்கள் உள. தமிழிலோ வேண்டும் என்னும் ஒரு சொல்லே இரண்டையும் சுமக்கின்றது. எனக்குத் தண்ணீர் வேண்டும் என்பது விருப்பம். நீ போகவேண்டும் என்பது கட்டளை. கோயிலிலே வேண்டுதல் என்பதோ பணிவான இரப்பு. ஆகவே, மேனாட்டு நூலை மொழிபெயர்த்துக்கொண்டு, வேண்டும் என்று எண்ணாதே என ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சொன்னால், அப்பிள்ளை ஆசையே படாதே என்று சொல்வதாகக் கொள்ளும். அது எலிஸின் கருத்தன்று. ஆயின் நமது மொழியிலேயே இதற்கு ஒரு வழியுமுண்டு. சித்தியடைய வேண்டும் என்பதற்கும் சித்தியடைந்தேயாக வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவனும் உணர்வான். இலக்கண ஆசிரியர் தேற்றேகாரம் எனப் பெயரிட்ட அந்த ஏகாரத்திலேதான் நோய் குடியிருக்கின்றது. தமிழிலே உளவளத்துணை செய்வோர் வேண்டும் என்னும் சொல்லைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அதன் முன்னே நிற்கும் ஏகாரத்தைச் செவிகொடுத்துக் கேட்டாற் போதும்.

சிகிச்சை எவ்வாறு நிகழ்கின்றது? துணையாளர் மௌனமாக இருப்பதில்லை, வினாவுகிறார். அவருடைய வினாக்கள் மூவகை. நீ கொண்ட நம்பிக்கைக்குச் சான்று உண்டா என்பது ஒன்று. உன் விருப்பத்திலிருந்து அக்கட்டளை தருக்கப்படி பெறப்படுமா என்பது இரண்டாவது. அந்நம்பிக்கையை வைத்துக்கொண்டிருப்பதால் உனக்கு நன்மையா தீமையா என்பது மூன்றாவது. இவ்வாறு வினாவி வாதாடுவதை ஈ என்றும், அதனாற் பெறும் பயனுள்ள புதிய நோக்கை உ என்றும் கொள்க. இதனோடு வீட்டுவேலையும் உண்டு. கற்ற புதிய எண்ணத்தை அடுத்த சந்திப்புக்கு முன்னர் செயலிற் காட்டவேண்டும். வெட்கத்தை வெல்லுதற்கு எலிஸ் வகுத்த பயிற்சிகள் பெயர்பெற்றவை. வாழைப்பழமொன்றிலே கயிற்றைக் கட்டி நாயை இழுத்துச் செல்வதுபோலத் தெருவில் இழுத்துச் செல்லுமாறு சிலரை ஏவினார். பார்ப்போர் நகைப்பர், நகைத்தபின் தத்தம் வழியே செல்வர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்னும் பேயை ஓட்டும் வழி அது. எமது ஊர்களில் இப்பயிற்சியை அப்படியே செய்யும்படி நான் யாருக்குங் கூறேன். ஊர் நகைத்தால் அந்நகைப்பு அப்பிள்ளையின் குடும்பத்தையுஞ் சென்று தாக்கும். ஆயினும் வகுப்பிலே எழுந்து நின்று தெரியாது என்று கூறும் துணிவு, அதே பயிற்சியின் எமது வடிவமாகும்.

இனிப் பயிற்றல் வரலாற்றைச் சிறிது விரித்துரைப்பேன். உளப்பகுப்பில் பயிலுவோர் தாமே ஆண்டுக்கணக்கில் பகுப்புக்கு உட்படல் வேண்டும். எலிஸின் நிறுவனமோ வேறு வழி வகுத்தது. பயிலுநர் கோட்பாட்டைக் கற்பர். பின் ஒருவருக்கொருவர் தத்தம் உண்மையான சிக்கல்களை வைத்துத் துணைசெய்து பழகுவர். அந்த உரையாடல்களை நாடாவிற் பதிவுசெய்து மேற்பார்வையாளர் கேட்டுத் திருத்துவர். மேலும், வெள்ளிக்கிழமை மாலைகளிலே எலிஸ் பொதுமக்கள் முன்னிலையில், முன்வரும் ஒருவருடன் நேரே உரையாடிக் காட்டுவார், வந்திருந்தோரும் கருத்துரைப்பர். மூடிய அறையின் இரகசியமாயிருந்த கலை இவ்வாறு பலர் காணும் பாடமாயிற்று. 1964இல் படமாக்கப்பெற்று மறு ஆண்டு வெளிவந்த பயிற்சித் திரைப்படமொன்றிலே, குளோரியா என்னும் ஒரே பெண்ணுடன் கார்ல் றொஜேர்ஸ், பிரிற்ஸ் பேர்ல்ஸ், எலிஸ் ஆகிய மூவரும் தனித்தனியே உரையாடினர். அன்புடன் செவிமடுப்பது றொஜேர்ஸின் வழி; நேரே வாதித்துக் கற்பிப்பது எலிஸின் வழி. இரண்டையும் ஒருங்கே கண்டு ஒப்பிடும் வாய்ப்பை அப்படம் பல தலைமுறை மாணவருக்கு அளித்தது. 1982இல் அமெரிக்க, கனேடிய உளவியலாளரிடையே எடுத்த கணிப்பொன்றில், செல்வாக்கு மிக்க உளச்சிகிச்சையாளர் வரிசையில் றொஜேர்ஸ் முதலிடத்தையும் எலிஸ் இரண்டாமிடத்தையும் பிரொய்ட் மூன்றாமிடத்தையும் பெற்றனர்.

ஆசிரியனாகிய என்னைக் கவர்ந்தது வேறொரு முயற்சி. 1971இல் அந்நிறுவனம் நியூயோர்க்கிலே சிறிய பாடசாலையொன்றைத் தொடங்கியது. வழக்கமான பாடங்களோடு, உணர்ச்சி எவ்வாறு எண்ணத்தினின்றும் பிறக்கின்றது என்பதையும் ஆசிரியர்களே பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். சில ஆண்டுகளே அது நடைபெற்றது. ஆயினும் அதன் பயனாக, வில்லியம் நௌஸ் என்பவர் 1974இல் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்க்கான கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். நோய் வந்தபின் மருந்து தேடுவதினும், வகுப்பறையிலேயே காப்பு அளித்தல் நன்று என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. இதே காலப்பகுதியில் பிலடெல்பியாவிலே ஆரன் பெக் என்னும் மருத்துவர், மனச்சோர்வுற்றோரின் சிந்தனைகளை ஆராய்ந்து, ஒத்த வேறொரு முறையைத் தனியே வகுத்தார். இவ்விருவரின் வழிவந்ததே இன்று உலகெங்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என வழங்குவது. பிரித்தானியாவில் பேராசிரியர் விண்டி றைடன் இம்முறை பற்றி இருநூறுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதியும் தொகுத்தும் பயிற்சியைப் பரப்பினார். இந்தியாவிலே மும்பையைச் சேர்ந்த உளவியலாளர் கே. எம். பட்கே, எலிஸுடன் நெடுங்காலம் கடிதத் தொடர்பு கொண்டு வாதித்துக் கற்றுத் தம் நாட்டில் இதனைப் பயிற்றினார். மராத்தி மொழியிலும் எழுதினார். தாய்மொழியில் எழுதப்பெற்றமையாலேயே அங்கு இக்கருத்துகள் பொதுமக்களிடம் சென்றன. தமிழர் கவனிக்கத்தக்க செய்தி இது.

இலங்கைக்கு வருவோம். இந்நாட்டிலே 1974இல் கொழும்பிற் தோன்றிய சுமித்ரயோ என்னும் தொண்டர் அமைப்பு, தற்கொலை எண்ணமுடையோர்க்குச் செவிசாய்க்கும் பணியைத் தொடங்கியது. 1990களின் நடுப்பகுதியில் எமது நாட்டின் தற்கொலை வீதம் உலகிலே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் அளவை அது எட்டியது. கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்தபின் வெகுவாகக் குறைந்தது. நஞ்சு கைக்கெட்டாதபோது பல உயிர்கள் தப்பின என்பதை இது காட்டுகின்றது. ஒரு கணத்துக் கொதிப்பே பலரை அம்முடிவுக்குத் தள்ளியது. அக்கணம் கடந்திருப்பின் அவர்கள் வாழ்ந்திருப்பர். அக்கணத்தில் உள்ளத்தில் ஓடும் எண்ணமே நாம் இங்கு பேசும் பொருள்.

வடபுலத்திலே 1987இல் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்னும் உளவளத்துணை நிலையம் தோன்றியது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கம் பற்றி 1998இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். மருத்துவர் சிவயோகனுடன் சேர்ந்து, அகதிகளின் உளநலம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் கைந்நூலை எமது சமுதாயத்துக்கேற்ப ஆக்கித் தந்தார். ஆசிரியர்கள், குருமார், கிராமத் தொண்டர்கள் ஆகியோரைப் பயிற்றினாலன்றி, விரல்விட்டு எண்ணத்தக்க மருத்துவர் எத்துணை பேரைக் காக்கவியலும்? ஆகவே பாடசாலைகளிலும் ஆசிரிய ஆலோசகர் என்னும் பணி ஏற்பட்டது. இப்பயிற்சிகள் ஒரு முறையை மட்டும் பின்பற்றியவை அல்ல. செவிமடுத்தல், தளர்வுப் பயிற்சி, விளையாட்டு, சடங்கு, குழுச்செயல் எனப் பலவும் கலந்தன. அவற்றுள் எண்ணத்தை ஆராயும் வழியும் ஒன்றாய் இடம்பெற்றது.

இனி எமது விடத்தல்தீவைக் கருதுங்கள். தீவு எனப் பெயர்கொண்டும் மன்னார்த் தீவுக்கு அப்பால், பெருநிலத்தின் கரையிலே கண்டற் காடுகளின் நடுவே அமைந்த ஊர் இது. விடத்தல் என்னும் முட்செடியாற் பெயர்பெற்றது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இந்துக்களும் அண்டை அயலாய் வாழ்ந்த இடம். 1990ஆம் ஆண்டு ஒற்றோபரிலே வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூரின் முஸ்லிம்களும் வீடுவாசலை விட்டுச் சென்றனர்; புத்தளக் கரையிலே ஒரு தலைமுறை முகாம்களில் வளர்ந்தது. 2008ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி இராணுவம் இவ்வூரைக் கைப்பற்றியது. அதற்கு முன்னரே எஞ்சியோரும் இடம்பெயர்ந்திருந்தனர். 2009 மே மாதத்திலே போர் முடிந்தது. முகாம்களிலிருந்து மக்கள் திரும்பியபோது கூரையில்லாச் சுவர்களும் வலையில்லாக் கரையுமே அவர்களை எதிர்கொண்டன. திரும்பாதோரும் உளர், என்னவாயினர் எனத் தெரியாதோரும் உளர்.

இத்தகைய ஊரிலே நின்று, உன் துன்பத்துக்குக் காரணம் நிகழ்ச்சியன்று, உன் எண்ணமே என ஒருவன் கூறினால், அது கொடுமையன்றோ? இவ்வாட்சேபம் மிக வலிமையுடையது. உளவளத்துணை பயிலும் ஆசிரியர் பலர் முதல் நாளிலேயே எழுப்பும் வினா இதுவே. இதற்கு விடை கூறாது இம்முறையை எமது பிள்ளைகளிடம் கொண்டுசெல்ல எமக்கு உரிமை இல்லை.

விடை எலிஸின் கொள்கையிலேயே ஒரு பகுதி உளது. அவர் எல்லாத் துன்பத்தையும் நோய் என்னவில்லை. இழப்புக்கு ஏற்ற துயரம் நலமுள்ளது. தன்னை அழிக்கும் மனச்சோர்வு நலமற்றது. ஆபத்துக்கு ஏற்ற கவலை நலமுள்ளது. செயலறச் செய்யும் பதகளிப்பு நலமற்றது. அநீதிக்கு ஏற்ற மனக்கசப்பு நலமுள்ளது. எரித்தழிக்கும் ஆவேசம் நலமற்றது. அ என்னும் நிகழ்ச்சியை மறுப்பது இம்முறையன்று. வீடு எரிந்தது உண்மை. பிள்ளை வரவில்லை என்பது உண்மை. அவற்றுக்காக அழும் கண்ணீரைத் துடைக்க எந்தத் தருக்கத்துக்கும் அதிகாரமில்லை. நான் அன்று அவனை வெளியே விட்டிருக்கவே கூடாது, நானே அவனைக் கொன்றேன், நான் வாழத் தகுதியற்றவள் என்று ஒரு தாய் ஆண்டாண்டாய்த் தன்னைத் தானே தண்டிக்கும்போதுதான், அத்தண்டனையைப் பற்றிப் பேச இடமுண்டு. அங்கும் வாதம் முதலில் வருவதன்று. அருகிருந்து கேட்டல் முதலில். நம்பிக்கை பிறந்தபின், மெல்லிய வினா ஒன்று போதும். அன்று உனக்குத் தெரிந்ததைக் கொண்டுதானே நீ முடிவெடுத்தாய் என்பதே அவ்வினா.

காணாமற்போனோரின் உறவினர் நிலை இன்னும் அரிது. பவுலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். இறந்தார் என்று கொள்ளவும் இயலாது. இருக்கின்றார் என்று கொள்ளவும் இயலாது. இந்நிலையில் எதிர்பார்த்திருத்தலைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத நம்பிக்கை என முத்திரை குத்துதல் பெரும் பிழையாகும். உண்மையை அறிந்து கூறவேண்டிய கடமை அரசுக்கும் சமுதாயத்துக்கும் உரியது. அக்கடமையைத் தாயின் மனத்திலே ஏற்றி வைத்தல் தகாது. பேராசிரியர் சோமசுந்தரமும் 2007இல் எழுதிய கட்டுரையிலே, போரின் காயம் தனிமனித உள்ளத்தோடு நிற்பதன்று, குடும்பத்தையும் ஊரையும் சார்ந்தது, ஆதலின் மருந்தும் ஊரளாவியதாதல் வேண்டும் என வற்புறுத்தினார். கிழிந்த வலையை ஒவ்வொரு கண்ணாய்ப் பொத்தவேண்டும் என்பது உண்மையே. வலையை இழுக்க ஊர்க்கை பல வேண்டும் என்பதும் உண்மையே.

ஆயின் இம்முறைக்கு எமது கரையில் எங்கே தெளிவான பயன் உண்டு? வகுப்பறையில் உண்டு என்பது என் துணிபு. பத்து வயதுப் பிள்ளை புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை என வைத்துக்கொள்வோம். பரீட்சையில் தவறினேன் என்பதினின்று நான் தவறானவன் என்னும் முடிவுக்கு அப்பிள்ளை ஒரு பாய்ச்சலிலே செல்கின்றது. அப்பாய்ச்சலுக்குப் பாலம் கட்டிக்கொடுப்போர் பெரும்பாலும் நாமே. பெறுபேறு வெளிவந்த அன்று பெற்றோரும் அயலவரும் பேசும் பேச்சை எண்ணிப் பாருங்கள். எலிஸின் போதனைகளுள் மிகச் சிறந்தது இங்கே உதவும். செயலை மதிப்பிடு, ஆளை மதிப்பிடாதே என்பதே அது. கணக்கிற் பெற்ற புள்ளி கணக்குக்கு உரியது. அது பிள்ளைக்கு இட்ட விலையன்று. நிபந்தனையற்ற தன்னேற்பு என அவர் இதற்குப் பெயரிட்டார். சாதாரணதரப் பரீட்சை எழுதும் மாணவனுக்கும், காதல் முறிந்த இளைஞனுக்கும், கடன் பட்ட மீனவனுக்கும் இதே பாடம் உரியது. கடற்றொழிலாளிக்கு இது புதிதுமன்று. வெறும் வள்ளத்துடன் கரைசேர்ந்தவனை ஒருவரும் கடலோடத் தெரியாதவன் எனச் சொல்வதில்லை. இன்று மீன் படவில்லை என்றே சொல்வர். நாளை மீண்டும் கடலுக்குச் செல்வான். அவ்வறிவைக் கடற்கரையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவருதலே எமது வேலை.

இம்முறையின் குறைகளையும் மறைத்தல் கூடாது. எலிஸின் பேச்சு முரட்டுத்தன்மை வாய்ந்தது. அதனைப் பின்பற்றிய சிலர் வாதத்தில் வெல்வதையே துணைசெய்தல் என மயங்கினர். ஆசிரியர்க்கு இம்மயக்கம் எளிதில் வரும். வகுப்பிலே இறுதிச் சொல் எப்பொழுதும் நம்முடையதன்றோ? மூத்தோர் சொல்லை மறுத்துப் பேசாத எமது வழக்கில், பிள்ளை ஓம் சேர் என்று தலையசைப்பதை மனமாற்றம் எனக் கொள்ளுதல் ஆகாது. கடும் உளநோய், போர் நினைவுகளால் வரும் நடுக்கம், குடிப்பழக்கம் முதலியவற்றுக்கு ஆசிரியரின் அறிவுரை போதாது. மருத்துவரிடம் அனுப்புதலே கடன். ஆராய்ச்சிச் சான்றுகளும் அளவான நம்பிக்கையையே தருகின்றன. 1991இல் எழுபது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஒரு மதிப்பீடு, சிகிச்சை பெறாதோரினும் இம்முறையைப் பெற்றோர் நன்கு தேறினர் எனக் கண்டது. பிற ஒத்த முறைகளினும் இது மேலானது என நிறுவவில்லை.

எலிஸின் இறுதிக்காலமே அவர் கொள்கைக்கு ஒரு சோதனையாயிற்று. 2005இல், அவர் நிறுவிய நிறுவனத்தின் ஆட்சிக்குழுவே அவரைக் குழுவினின்று நீக்கியது. அவர் நீதிமன்றம் சென்றார். 2006இல் நீக்கம் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. அநீதியைச் சகித்துக்கொண்டு வாளாவிருத்தலைப் பகுத்தறிவு என அவர் கொள்ளவில்லை என்பதற்கு இது சான்று. உள்ளத்தைக் கலக்காமல் வழக்கை நடத்தலாம். வழக்கை நடத்திக்கொண்டே பாடமும் சொல்லிக்கொடுக்கலாம். நோயுற்ற நிலையிலும் மாணவரைச் சந்தித்துக்கொண்டிருந்த அவர், 2007ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி தொண்ணூற்று மூன்றாம் வயதில் நியூயோர்க்கிலே காலமானார்.

நேயர்களே, அடிமையொருவனின் சிந்தனையிலே முளைத்து, நியூயோர்க் நகரத்திலே சிகிச்சையாய் வளர்ந்து, பல மொழிகளுக்கும் சென்ற ஒரு கருத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கண்டோம். மாற்றவியலாததை மாற்ற முயன்று மடிவதும் பேதைமை. மாற்றத்தக்கதை விதியென விட்டுவிடுவதும் பேதைமை. உளவளத்துணை பயிலும் இளம் ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் இதுவே. பிள்ளை அழும்போது முதலில் அதற்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அதில் நாம் மாற்றத்தக்கது இருப்பின் அதற்காகப் பிள்ளையோடு கூடி உழையுங்கள். அதன் பின்னரே, அது தன்னைப் பற்றித் தனக்குள் என்ன சொல்லிக்கொள்கின்றது எனக் கேளுங்கள். தேறுதல் என்னும் நமது சொல்லுக்குப் பரீட்சையில் வெல்லுதல், நோய் நீங்குதல், துயர் ஆறுதல், தெளிவடைதல் ஆகிய எல்லாப் பொருளும் உண்டு. முதற் பொருளுக்கு மட்டும் பாடசாலைகளை நடத்திவந்தோம். ஏனைய பொருள்களுக்கும் அங்கே இடம் செய்வோமாக.